அணுக்கருவின் சுருதியைக் கண்ட மளிகைக் கடைக்காரர் மகன்

எம்.ஆர்.ஐ. ஸ்கேன் என்பது இன்று எல்லோருக்கும் தெரிந்த பெயர். தலைவலி நீடித்தாலும், முதுகுத்தண்டில் வலி வந்தாலும், முழங்காலில் ஜவ்வு கிழிந்தாலும் அந்தப் படத்தை எடுத்து வரும்படி டாக்டர்கள் சொல்கிறார்கள். குழாய் போன்ற ஓர் எந்திரத்துக்குள் நோயாளியைப் படுக்க வைக்கிறார்கள். உடம்பில் கத்தி படுவதில்லை. எக்ஸ்ரே பாய்வதில்லை. வலுவான ஒரு காந்தமும் வானொலி அலைகளும்தான் வேலை செய்கின்றன. உடம்பின் உள்ளே இருப்பது படமாக வந்து விடுகிறது.

காந்தத்தின் நடுவே இருக்கும் அணுக்கருவை வானொலி அலையால் தட்டித் திருப்பலாம் என்று முதன் முதலில் செய்து காட்டியவர் இசிடோர் ஐசக் ராபி. 1944-ம் ஆண்டுக்கான பௌதிக நோபல் பரிசு பெற்றவர். பிழைப்புக்காகக் கடல் கடந்து போன ஓர் ஏழைக் குடும்பத்தின் பிள்ளை. பட்டம் வாங்கிய பிறகும் மூன்று ஆண்டுகள் சரியான வேலை கிடைக்காமல் திண்டாடியவர். ஆஸ்பத்திரி, நோய், மருந்து எதைப் பற்றியும் நினைக்காமல் அவர் தொடங்கிய ஆராய்ச்சி எங்கே போய் முடிந்தது என்பதுதான் அவருடைய வாழ்க்கைக் கதை.

பிழைக்கப் போன குடும்பம்

ராபி 1898-ம் ஆண்டு ஜூலை 29-ந் தேதி ரைமானுவ் என்ற சிற்றூரில் பிறந்தார். அந்த ஊர் அப்போது ஆஸ்திரிய-ஹங்கேரி சாம்ராஜ்யத்தைச் சேர்ந்தது. இப்போது போலந்து நாட்டில் இருக்கிறது. பெற்றோர் யூதர்கள். குழந்தைக்கு அவர்கள் வைத்த பெயர் இஸ்ரேல் ஐசக்.

ஊரில் பிழைக்க வழி இல்லை. தகப்பனார் டேவிட் முதலில் தனியாக அமெரிக்கா போனார். காலூன்றியதும் மனைவியையும் கைக்குழந்தையையும் வரவழைத்துக் கொண்டார். நியூயார்க் நகரின் கிழக்குப் பகுதியில், ஏழைகள் நெருக்கியடித்துக் கொண்டு வாழ்ந்த தெரு ஒன்றில், இரண்டே அறை உள்ள வீட்டில் குடித்தனம். தகப்பனார் ஒரு தையல் பட்டறையில் கூலிக்குத் தைத்தார். வீட்டில் பேசியது யித்திஷ் மொழி. வெளியில் ஆங்கிலம்.

பையனைப் பள்ளியில் சேர்க்கப் போனபோது ஒரு வேடிக்கை நடந்தது. வீட்டில் அவனை இஸ்ஸி என்று செல்லமாகக் கூப்பிடுவார்கள். பெயர் எழுதியவர், அது இசிடோர் என்பதன் சுருக்கமாக இருக்கும் என்று நினைத்து அப்படியே பதிவு செய்து விட்டார். புது ஊரில் வேற்று மொழிக்காரர் எழுதியதே பெயராகி விடுவது பிழைக்கப் போன பலருக்கும் தெரிந்த அனுபவம். ராபிக்கும் அந்தப் பெயரே கடைசி வரை நிலைத்தது.

1907-ம் ஆண்டு குடும்பம் புரூக்ளின் பகுதியில் உள்ள பிரவுன்ஸ்வில்லுக்குக் குடிபெயர்ந்தது. அங்கே ஒரு சிறு மளிகைக் கடை வைத்தார்கள்.

பிள்ளைகள் பள்ளி விட்டு வந்ததும், இன்று என்ன படித்தாய் என்று தாய்மார்கள் விசாரிப்பது வழக்கம். ராபியின் தாயார் அப்படிக் கேட்பதில்லை. இன்று வகுப்பில் நல்ல கேள்வி ஏதாவது கேட்டாயா என்றுதான் கேட்பார். தன்னை விஞ்ஞானி ஆக்கியது அந்தக் கேள்விதான் என்று பிற்காலத்தில் ராபி நினைவு கூர்ந்திருக்கிறார்.

பக்கத்தில் ஒரு பொது நூலகம் இருந்தது. சிறுவன் ராபி அங்கே அலமாரியின் முதல் தட்டிலிருந்து வரிசையாகப் படிக்கத் தொடங்கினான். வான சாஸ்திரப் புத்தகம் ஒன்று கையில் கிடைத்தது. சந்திரன் ஏன் தேய்கிறது, ஏன் வளர்கிறது, பருவங்கள் ஏன் மாறுகின்றன என்பதெல்லாம் அதில் எளிமையாக விளக்கப்பட்டிருந்தது. இத்தனை பெரிய விஷயத்துக்கு இத்தனை எளிய விளக்கமா என்று அவன் மலைத்துப் போனான்.

யூதக் குடும்பங்களில் பையனுக்கு 13 வயது ஆகும்போது ஒரு சமயச் சடங்கு நடக்கும். உறவினர் கூடியிருக்க, பையன் வேத விஷயமாக ஏதேனும் பேச வேண்டும். ராபி பேசியது மின்சார விளக்கு எப்படி எரிகிறது என்பதைப் பற்றி!

வேலை இல்லாத மூன்று ஆண்டுகள்

உதவித் தொகை பெற்று 1916-ல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். மின் பொறியியல் படிக்கப் போனவர், ரசாயனத்துக்கு மாறினார். 1919-ல் பட்டம் கிடைத்தது. வேலைதான் கிடைக்கவில்லை. ரசாயனக் கம்பெனிகளும் கல்லூரிகளும் யூதர்களைச் சேர்த்துக் கொள்ளத் தயங்கிய காலம் அது. ஒரு சோதனைச் சாலையில் சில நாள், கணக்கு எழுதும் வேலையில் சில நாள் என்று மூன்று ஆண்டுகள் கழிந்தன.

வயது 24 ஆகி விட்டது. இனிமேல் படிப்பா என்று அவர் ஒதுங்கி விடவில்லை. 1922-ல் கார்னெலுக்கே திரும்பிப் போனார். அப்போதுதான் தமக்குப் பிடித்தது ரசாயனம் அல்ல, பௌதிகம் என்பது அவருக்குத் தெளிவாயிற்று.

கோடை வகுப்புக்கு வந்திருந்த ஹெலன் நியூமார்க் என்ற நியூயார்க் பெண்ணை அங்கே சந்தித்தார். அவர் ஊர் திரும்பியதும், அருகில் இருக்கலாம் என்று ராபியும் நியூயார்க்கில் உள்ள கொலம்பியா பல்கலைக்கழகத்துக்கு மாறிக் கொண்டார். கைச்செலவுக்காக நகரக் கல்லூரி ஒன்றில் மாணவர்களுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தார். மிச்ச நேரத்தில் ஆராய்ச்சி.

அசையாமல் நின்ற படிகம்

அவர் எடுத்துக் கொண்டது, சில உப்புப் படிகங்களைக் காந்தம் எவ்வளவு இழுக்கிறது என்று அளக்கும் வேலை. வழக்கமான முறை மிகவும் சிரமமானது. படிகத்தைத் துல்லியமாக அறுக்க வேண்டும். இழுப்பு விசையை அளக்க வேண்டும். மாதக் கணக்கில் உட்கார்ந்து கணக்குப் போட வேண்டும்.

ராபி சுலபமான வழி ஒன்றைக் கண்டுபிடித்தார். படிகத்தை ஒரு கரைசலில் தொங்க விட்டார். அதைக் காந்தத்தின் நடுவே வைத்தார். கரைசலைக் கொஞ்சம் கொஞ்சமாக அடர்த்தியாக்கிக் கொண்டே போனார். ஒரு கட்டத்தில் காந்தத்தை இயக்கினாலும் படிகம் அசையவில்லை. படிகத்துக்கும் கரைசலுக்கும் காந்தத் தன்மை சமமாகி விட்டது என்று பொருள். இனிப் படிகத்தை அளக்க வேண்டாம். கரைசலை அளந்தால் போதும். அது எளிது.

1926-ல் இதைக் கட்டுரையாக எழுதி விஞ்ஞான இதழுக்கு அனுப்பினார். மறுநாள் ஹெலனை மணந்து கொண்டார். 1927-ல் டாக்டர் பட்டம் கிடைத்தது.

அந்தக் கட்டுரையை அமெரிக்காவில் பெரிதாக யாரும் கவனிக்கவில்லை. கவனித்துப் படித்து, அந்த முறையைத் தம்முடைய படிக ஆராய்ச்சியில் பயன்படுத்திக் கொண்டவர் ஒரு தமிழர். வத்திராயிருப்பில் பிறந்து, கல்கத்தாவில் சர் சி.வி. ராமனுடன் பணியாற்றிய கே.எஸ். கிருஷ்ணன்தான் அவர். பின்னாளில் டெல்லியில் உள்ள தேசிய பௌதிக ஆராய்ச்சிக் கூடத்தின் முதல் இயக்குநர் ஆனவர். ராபியும் கிருஷ்ணனும் 1898-ம் ஆண்டிலேயே பிறந்தவர்கள். இருவரும் சொந்த மண்ணை விட்டுத் தொலைவில் போய்ப் பெயர் எடுத்தவர்கள்.

ஹாம்பர்க்கில் ஒரு திருப்பம்

ஓராண்டுக்கு 1,500 டாலர் உதவித் தொகை பெற்று ராபி ஐரோப்பா புறப்பட்டார். அப்போது அங்கேதான் குவாண்டம் தத்துவம் உருவாகிக் கொண்டிருந்தது. கோபன்ஹேகனில் நீல்ஸ் போரைத் தேடிப் போனார். போர் அவரை ஹாம்பர்க் நகரில் இருந்த பாலியிடம் அனுப்பி வைத்தார். அதே ஊரில் ஆட்டோ ஸ்டெர்ன் என்ற விஞ்ஞானி இருந்தார். 1922-ல் வெள்ளி அணுக்களை மெல்லிய கற்றையாகக் காந்தத்தின் ஊடே செலுத்தி, கற்றை இரண்டாகப் பிரிவதைக் கெர்லாக் என்பவருடன் சேர்ந்து காட்டியவர் அவர்.

கருத்துக் கணக்குகளில் மூழ்க வந்த ராபி, ஸ்டெர்னின் சோதனைச் சாலையில் மனதைப் பறிகொடுத்தார். அணுக் கற்றையை அளக்கப் புதிய யோசனை ஒன்றைச் சொன்னார். நீரே செய்து பாரும் என்றார் ஸ்டெர்ன். ராபி செய்தார். அதுவே அவருடைய வாழ்நாள் ஆராய்ச்சிக்குத் தொடக்கம்.

1929-ல் கொலம்பியா பல்கலைக்கழகம் ஆண்டுக்கு 3,000 டாலர் சம்பளத்தில் விரிவுரையாளர் வேலை தந்தது. ஹைசன்பர்க் அவருக்காகச் சிபாரிசு செய்திருந்தார். ராபி நியூயார்க் திரும்பினார்.

பம்பரமும் ஊஞ்சலும்

அணுவின் நடுவே இருக்கும் கரு மிக மிகச் சிறியது. ஹைட்ரஜன் போன்ற பல அணுக்களின் கருக்கள், தம்மைத் தாமே சுற்றிக் கொள்ளும் பம்பரம் போல நடந்து கொள்கின்றன. அதோடு ஒவ்வொன்றும் ஒரு சின்னஞ்சிறு காந்தமாகவும் இருக்கிறது. அந்தக் காந்தத்தின் வலு எவ்வளவு? இதுதான் ராபி எழுப்பிக் கொண்ட கேள்வி.

சாதாரண காந்த ஊசியைப் பெரிய காந்தத்தின் அருகே வைத்தால் ஒரு பக்கமாகத் திரும்பி நின்று விடும். சுழலும் அணுக்கரு அப்படி நிற்பதில்லை. சாய்ந்த பம்பரம் உடனே விழுந்து விடாமல் தலையை ஆட்டி வட்டம் போடுகிறது அல்லவா? காந்தத்தின் நடுவே அணுக்கருவும் அதே போல வட்டம் போடுகிறது.

ஒரு விநாடிக்கு எத்தனை வட்டம் என்பது காந்தத்தின் வலுவையும், அது எந்த அணுவின் கரு என்பதையும் பொறுத்தது. காந்தத்தின் வலு இரு மடங்கானால் வட்டங்களும் இரு மடங்காகும். பூமியின் காந்தத்தைப் போல் சுமார் 20,000 மடங்கு வலுவான ஒரு காந்தத்தில் ஹைட்ரஜன் கரு விநாடிக்குச் சுமார் 4 கோடியே 26 லட்சம் தடவை வட்டம் போடும். இந்த வேகத்தைக் கணக்கிடும் வழியை ஜோசப் லார்மர் என்ற விஞ்ஞானி முன்பே வகுத்திருந்தார். இதை அணுக்கருவின் சுருதி என்று சொல்லலாம். எண்ணிக்கையில் பார்த்தால் இது வானொலி அலைகளின் வரிசையில் விழுகிறது.

இப்போது ஊஞ்சலை நினைத்துப் பார்க்கலாம். பெரிய ஆள் உட்கார்ந்திருக்கும் ஊஞ்சலைக்கூட ஒரு சிறு குழந்தை ஆட்டி விடும். பலம் வேண்டியதில்லை. ஊஞ்சல் வந்து திரும்பும் நேரம் பார்த்து ஒவ்வொரு தடவையும் மெல்லத் தள்ளினால் போதும். நேரம் தவறித் தள்ளினால், பலசாலி தள்ளினாலும் ஊஞ்சல் தடுமாறி நிற்கும்.

அணுக்கருவும் இப்படித்தான். அதன் சுருதிக்குச் சரியாகப் பொருந்திய வானொலி அலை, வலுவில்லாததாக இருந்தாலும், அதைத் திருப்பி விடும். சுருதி சேராத அலை எத்தனை நேரம் பட்டாலும் பெரிதாக ஒன்றும் நடக்காது. வானொலிப் பெட்டியின் குமிழைத் திருகும்போது ஒரு குறிப்பிட்ட இடத்தில் மட்டும் பாட்டுக் கேட்பதும் இதே தத்துவம்தான். விஞ்ஞானிகள் இதை ஒத்ததிர்வு என்கிறார்கள்.

1937-ல் ஒரு விருந்தாளி

1937-ம் ஆண்டு செப்டம்பர் மாதம் ஹாலந்து நாட்டு விஞ்ஞானி கோர்ட்டர், ராபியின் சோதனைச் சாலைக்கு வந்தார். திடப் பொருள்களில் இந்த ஒத்ததிர்வைக் காண முயன்று தாம் தோற்றுப் போனதைச் சொன்னார். ராபியும் அவரது குழுவினரும் உடனே வேலையில் இறங்கினார்கள். ஏற்கனவே இருந்த கருவியில், நடுவே ஒரு காந்தத்தையும், வானொலி மின்சாரம் ஓடும் ஒரு கம்பி வளையத்தையும் சேர்த்தார்கள்.

காற்று உறிஞ்சப்பட்ட நீண்ட குழாய். ஒரு முனையில் சூடாக்கப்பட்ட லித்தியம் குளோரைடு உப்பிலிருந்து மூலக்கூறுகள் மெல்லிய கற்றையாகப் புறப்படும். முதல் காந்தம் அவற்றை ஒரு பக்கம் வளைக்கும். கடைசிக் காந்தம் மறு பக்கம் வளைத்து, மறு முனையில் உள்ள கருவியில் சேர்த்து விடும். இடையில் உள்ள காந்தத்தில்தான் வானொலி வளையம். அங்கே அணுக்கரு திரும்பி விட்டால், கடைசிக் காந்தத்தால் அந்த மூலக்கூறைச் சரியான இடத்தில் சேர்க்க முடியாது. வந்து சேரும் எண்ணிக்கை குறையும்.

வானொலி அலையை மாற்றாமல் வைத்துக் கொண்டு, நடுக் காந்தத்தின் வலுவைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றினார்கள். ஒரு குறிப்பிட்ட இடத்தில் எண்ணிக்கை சட்டென்று சரிந்தது. அதைத் தாண்டியதும் மறுபடி ஏறியது. அந்தச் சரிவுதான் அணுக்கருவின் சுருதி. அதிலிருந்து அதன் காந்த வலுவை முன்பு யாரும் அளக்காத துல்லியத்துடன் கணக்கிட முடிந்தது.

1938 பிப்ரவரியில் முடிவு வெளியாயிற்று. கட்டுரையில் ராபியுடன் சக்கரியாஸ், மில்மன், குஷ் ஆகியோர் பெயர்களும் இருந்தன. தோற்றுப் போன முயற்சியை ஒளிக்காமல் சொன்ன கோர்ட்டருக்கு அதிலேயே நன்றியும் தெரிவித்திருந்தார்கள்.

எவ்வளவு நேரம் தட்டுவது?

சுருதி சேர்ந்தால் மட்டும் போதாது. அலை எவ்வளவு நேரம் படுகிறது என்பதும் முக்கியம். இதற்கான கணக்கையும் ராபியே போட்டுக் கொடுத்தார்.

காந்தத்தின் திசையில் நிமிர்ந்திருக்கும் அணுக்கருக்களின் மீது சுருதி சேர்ந்த அலை பட்டால், அவை சாயத் தொடங்கும். குறிப்பிட்ட நேரம் பட்டு நின்றால் கால் திருப்பம்: படுத்த நிலை. அதைப் போல் இரு மடங்கு நேரம் பட்டால் அரைத் திருப்பம்: தலைகீழ். அதற்கும் மேல் நீடித்தால் மறுபடி எழுந்து பழைய நிலைக்கே வரும். அலை நிற்கும் வரை இப்படியே மாறி மாறி நடக்கும். இதற்கு ராபியின் பெயரையே வைத்திருக்கிறார்கள்.

கால் திருப்பம் வேண்டுமா, அரைத் திருப்பம் வேண்டுமா என்பதை அலையின் வலுவையும் நேரத்தையும் கொண்டு தீர்மானிக்கலாம். ராபியின் கருவியில் மூலக்கூறு பறந்து போகும் வேகத்தில், வளையத்தைக் கடக்கும் கண நேரம் மட்டுமே அலை அதன் மீது பட்டது. பிற்காலத்தில் பொருளை ஓரிடத்தில் வைத்து விட்டு, அலையையே கண நேரம் விட்டு நிறுத்தக் கற்றுக் கொண்டார்கள். அதைத்தான் துடிப்பு என்கிறார்கள்.

போரும் மனச்சாட்சியும்

இரண்டாவது உலகப் போர் மூண்டது. 1940-ல் ராபி ஆராய்ச்சியை நிறுத்தி விட்டு, மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்ப நிலையத்தில் தொடங்கப்பட்ட ரேடார் ஆராய்ச்சிக் கூடத்துக்குப் போனார். எதிரி விமானத்தைத் தேடும் ரேடார், மிகக் குறுகிய வானொலித் துடிப்புகளை அனுப்பி எதிரொலியைக் கேட்கிறது. அந்தத் துடிப்புகளை உண்டாக்கவும் கேட்கவும் அங்கே ஒரு தலைமுறை விஞ்ஞானிகள் பழகினார்கள். ராபி அதன் துணை இயக்குநர்களில் ஒருவராக உயர்ந்தார். போர் நடந்து கொண்டிருந்தபோதே, 1944-ல், அவருக்கு நோபல் பரிசு அறிவிக்கப்பட்டது. 1943-ம் ஆண்டுக்கான பரிசு அப்போதுதான் அவருடைய ஹாம்பர்க் குரு ஸ்டெர்னுக்கும் அறிவிக்கப்பட்டது.

அணுகுண்டு தயாரித்த லாஸ் அலமோஸ் கூடத்தில் உதவித் தலைவராக வரும்படி ஓப்பன்ஹைமர் அழைத்தார். ராபி மறுத்து விட்டார். முந்நூறு ஆண்டுகளாக வளர்ந்த பௌதிகம் ஒரு குண்டில் போய் முடிய வேண்டுமா என்ற வேதனை அவருக்கு. ஆயினும் ஹிட்லரை வெல்ல வேண்டுமே என்ற கவலையில் ஆலோசகராக உதவினார். 1945 ஜூலை 16-ந் தேதி முதல் அணுகுண்டுச் சோதனையை நேரில் பார்த்தார். மகிழ்ச்சி சற்று நேரம்தான். பிறகு உடம்பு சில்லிட்டுப் போயிற்று என்று அவர் பதிவு செய்திருக்கிறார்.

1949-ல் ஹைட்ரஜன் குண்டு செய்யலாமா என்ற கேள்வி வந்தபோது, என்ரிகோ பெர்மியுடன் சேர்ந்து அதைக் கடுமையாக எதிர்த்தார். 1954-ல் ஓப்பன்ஹைமர் மீது விசாரணை நடந்தபோது, பலர் வாய் மூடி இருக்க, அவருக்காகத் துணிந்து சாட்சி சொன்னார். ஐரோப்பிய நாடுகள் கூடி ஓர் ஆராய்ச்சிக் கூடம் அமைக்க வேண்டும் என்று 1950-ல் பிளாரன்ஸ் நகரில் நடந்த யுனெஸ்கோ மாநாட்டில் யோசனை கொண்டு வந்தவரும் அவரே. ஜெனீவா அருகே உள்ள செர்ன் கூடம் அதிலிருந்து பிறந்தது. 1955-ல் அணுசக்தியை ஆக்க வேலைக்குப் பயன்படுத்த ஜெனீவாவில் நடந்த உலக மாநாட்டுக்கும் அவர் உழைத்தார். அந்த மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவர் நம் நாட்டு ஹோமி பாபா.

மெழுகும் தண்ணீரும்

ராபியின் ஒத்ததிர்வு குழாயில் பறக்கும் கற்றையோடு நின்று விடவில்லை. ரேடார் கூடத்தில் அவரோடு வேலை செய்த எட்வர்ட் பர்செல், 1945 டிசம்பரில் டோரி, பவுண்ட் ஆகிய இருவருடன் சேர்ந்து, ஒரு சாதாரண பாரபின் மெழுகிலேயே அதைக் கண்டார். சில வாரங்களுக்குள், ஸ்டான்போர்டில் பெலிக்ஸ் பிளாக் குழுவினர் தண்ணீரில் கண்டார்கள். இருவருக்கும் 1952-ல் நோபல் பரிசு.

1949-ல் எர்வின் ஹான் என்ற இளைஞர் அலையைத் துடிப்புத் துடிப்பாக விட்டுப் பார்த்தார். முதல் துடிப்பில் அணுக்கருக்கள் சாய்ந்து, சேர்ந்து வட்டம் போடும். பிறகு வேகம் சற்று மாறுபட்டு ஒன்றுக்கொன்று பிரிந்து போகும். ஒலி தேய்ந்து விடும். இரண்டாவது துடிப்பு விட்டால், சற்று நேரம் கழித்து எதிரொலி போல மறுபடி ஒலி எழும். ஓட்டப் பந்தயத்தில் பிள்ளைகள் முன்னும் பின்னுமாக ஓடுகிறார்கள். விசில் ஊதியதும் அத்தனை பேரும் திரும்பி அதே வேகத்தில் ஓடினால், புறப்பட்ட கோட்டுக்கு ஒன்றாகவே வந்து சேருவார்கள் அல்லவா? இதுவும் ஏறக்குறைய அப்படித்தான்.

1951-ல், ஒரே சாராயத்தில் உள்ள ஹைட்ரஜன் கருக்கள் தாம் இருக்கும் இடத்தைப் பொறுத்து மூன்று வெவ்வேறு சுருதி கொடுப்பதை ஸ்டான்போர்டில் கண்டறிந்த மூவரில் ஒருவர் இந்தியரான தர்மாத்தி. அவர் பின்னர் பம்பாய் டாட்டா ஆராய்ச்சி நிலையத்தில் இந்தத் துறையை வளர்த்தார். மூலக்கூறின் அமைப்பை அறிய ரசாயன நிபுணர்களுக்கு இது பெரிய துணையாயிற்று.

கடிகாரமும் மாறியது. அணுவின் மாறாத சுருதியைக் கொண்டு நேரத்தை அளக்கலாம் என்று 1945-லேயே ராபி சொன்னார். அவருடைய மாணவர் ராம்சே, ஒரே தட்டாகத் தட்டாமல், இடைவெளி விட்டு இரண்டு தடவை தட்டினால் துல்லியம் கூடும் என்று 1949-ல் காட்டினார். 1967 முதல் ஒரு விநாடி என்பதே சீசியம் அணுவின் 919 கோடியே 26 லட்சத்து 31 ஆயிரத்து 770 அதிர்வுகள் என்று வகுக்கப்பட்டிருக்கிறது.

1973-ல் பால் லாட்டர்பர் ஒரு புது வழி காட்டினார். காந்தத்தின் வலுவை இடத்துக்கு இடம் சற்று மாற்றி வைத்தால், சுருதியும் இடத்துக்கு இடம் மாறும். எந்தச் சுருதி எங்கிருந்து வருகிறது என்று பார்த்தால் படம் வரைந்து விடலாம். பீட்டர் மான்ஸ்பீல்டு அதை விரைவாகச் செய்யும் வழியைக் கண்டார். மனித உடம்பில் பெரும்பகுதி தண்ணீர், தண்ணீரில் ஹைட்ரஜன். எம்.ஆர்.ஐ. பிறந்தது.

இன்று பெரும்பாலான ஆஸ்பத்திரிகளில் உள்ள எந்திரத்தில், பத்து லட்சம் ஹைட்ரஜன் கருக்களுக்குச் சுமார் 5 மட்டுமே காந்தத்தின் பக்கம் கூடுதலாக நிற்கின்றன. அந்த ஐந்தின் குரலே போதுமானதாக இருக்கிறது. துடிப்பு நின்றதும் பழைய நிலைக்குத் திரும்ப மூளைக்கு ஒரு நேரம், கொழுப்புக்கு ஒரு நேரம், கட்டிக்கு ஒரு நேரம். அந்த வித்தியாசமே படத்தில் கறுப்பும் வெளுப்புமாகத் தெரிகிறது. உள்ளே கேட்கும் டக் டக் சத்தம் வானொலித் துடிப்பின் சத்தமல்ல. காந்த வலுவை மாற்றும் கம்பிச் சுருள்கள் அதிரும் சத்தம். அணு என்ற சொல்லைக் கேட்டு நோயாளிகள் பயப்படுகிறார்கள் என்று, மருத்துவத்தில் அந்தச் சொல்லையே பெயரிலிருந்து எடுத்து விட்டார்கள்.

எந்திரத்துக்குள் ராபி

ராபி 1967-ல் கொலம்பியாவிலிருந்து ஓய்வு பெற்றார். அவரிடம் படித்தவர்களிலும் உடன் உழைத்தவர்களிலும் பலர் நோபல் பரிசு வாங்கினார்கள். ஹெலனும் இரண்டு மகள்களும் அவருக்குத் துணையாக இருந்தார்கள்.

தொண்ணூறை நெருங்கிய வயதில் புற்றுநோய் கண்டது. நோயைப் பார்ப்பதற்காக டாக்டர்கள் அவரை எம்.ஆர்.ஐ. எந்திரத்துக்குள் படுக்க வைத்தார்கள். குழாயின் பளபளத்த உட்புறத்தில் அவருடைய முகமே அவருக்குத் தெரிந்தது. ஐம்பது ஆண்டுகளுக்கு முன்பு லித்தியம் உப்பின் மூலக்கூறுகளைத் தட்டித் திருப்பிய அதே வித்தை, இப்போது அவர் உடம்பில் உள்ள தண்ணீரைத் தட்டித் திருப்பிக் கொண்டிருந்தது. தம்முடைய வேலை இப்படி வந்து முடியும் என்று தாம் ஒருநாளும் நினைத்ததில்லை என்று அவர் வியந்தார்.

1988-ம் ஆண்டு ஜனவரி 11-ந் தேதி நியூயார்க்கில் உள்ள தம் வீட்டில் ராபி காலமானார்.

அவருடைய நோயை அந்த எந்திரத்தால் காட்ட முடிந்தது; தீர்க்க முடியவில்லை. ஆனால் நோயைக் காலத்தோடு கண்டு பிழைத்துக் கொண்டவர்கள் உலகெங்கும் ஏராளம். அவர்களில் பெரும்பாலோர் ராபியின் பெயரைக் கேட்டிருக்க மாட்டார்கள். அணுக்கருவின் காந்தம் எவ்வளவு வலுவானது என்று அவர் கேட்டபோது, அதனால் என்ன லாபம் என்று யாராலும் சொல்லியிருக்க முடியாது. புரூக்ளின் மளிகைக் கடையில் இருந்த அந்தத் தாயார் மட்டும் மகனிடம் லாபத்தைக் கேட்டதில்லை. நல்ல கேள்வியா என்றுதான் கேட்டார்.